பெரியப்பாவின் எடை

மார்ச் 4

அக்கா,

போனைப் பாதியில் வைத்தது நீ. அதனால் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேருமே கத்துகிறோம். நம் வீடோ ஒரே அறை. நீ எந்த மூலைக்குப் போய்க் கிசுகிசுத்தாலும் அம்மாவின் காதுக்கு அது ஒரு முழம் தூரம்தான். இதை உன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து விலாசத்துக்குப் போடுகிறேன். படுக்கை விரிப்புகளோடு சேர்த்துத் துவைத்துவிடாதே.

நேராகவே கேட்கிறேன். போன மாதம் நான் அனுப்பிய எட்டாயிரம் எங்கே?

மரக்கடைக்காரர் கூப்பிட்டிருந்தார். "என்னப்பா, போன மாசம் உங்க வீட்ல இருந்து யாருமே வரலையே. இன்னும் ஒரு மாசம் இப்படிப் போச்சுன்னா வீட்டுப் பத்திரத்தை என் பேருக்கு மாத்த வேண்டியதுதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார். மனுஷன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் உடனே உனக்குப் போன் போட்டேன்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். லாரி வாங்க அப்பா அவரிடம் கடன் வாங்கினார். லாரி ஓடியது நான்கு மாதம். அதற்கப்புறம் அப்பா இருந்தது ஐந்து மாதம். லாரியை விற்றுக் கடனை அடைத்துவிட்டோம் என்று அம்மாவிடம் சொன்னோம், அவளுக்கு ரத்தக்கொதிப்பு என்பதால். 'கடன்' என்ற சொல்லே வீட்டில் கேட்கக் கூடாது என்று அதற்கு 'பெரியப்பா' என்று பெயர் வைத்தது நீ. ஆயிரத்துக்கு ஒரு கிலோ என்று எடை போட்டது நான். நம்மிடம் வந்து சேர்ந்தபோது அவர் முன்னூற்று நாற்பது கிலோ. எட்டு வருஷம் பட்டினி போட்டு ஐம்பத்து நான்கு கிலோவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இப்போது போய் அவருக்கு விருந்து வைத்திருக்கிறாயே!

கீழ்வீட்டுத் தையல்காரர் வேறு ஒரு கதை சொன்னார். நீ தினமும் விடிந்ததும் டவர் கிரேன் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாயாம். முதலில் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எட்டாயிரம் ஞாபகம் வந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நம்பிவிடுகிறேன்.

சுண்டு


மார்ச் 12

சுண்டு,

ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதுகிறேன். நம்பு.

உன் எட்டாயிரத்தை எடுத்தேன். பயிற்சிக் கட்டணத்தில் பாதியாகக் கட்டினேன். மீதிப் பாதிக்குத் தினமும் காலை இரண்டு மணி நேரம் அங்கே கிரேன் கம்பி வடங்களுக்கு கிரீஸ் போடுகிறேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய், நானும் எட்டு வருஷமாகச் செய்வது போல வாயை மூடிக்கொள்வேன் என்பதால் கேட்கவில்லை. தப்புத்தான். தப்பு என்று தெரிந்தே செய்தேன். செய்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் கிரேன் ஏணியில் முதல் படியில் கால் வைத்தேன், அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

உனக்கு ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. நாலாவது மாடியில் நமக்குத் தண்ணீர் வராது. நீ கீழே குழாயடியில் வாளியை நிரப்பிக் கயிற்றில் மாட்டுவாய், நான் மேலே இருந்து இழுப்பேன். இரண்டாவது மாடிக்காரியின் துணிக்கொடியில் வாளி மாட்டாமல் இருக்க நீ கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாய். நிறுத்தச் சொல்வதற்கு முன் உனக்கு மூக்கைச் சொறிய வேண்டும். அந்தச் சொறியலில் எத்தனை வாளி கவிழ்ந்தது! அப்போதுதான் எதிர்த் தெருவில் பெரிய கட்டடம் எழும்பியது. அந்தக் கிரேன் ஒரு முழுச் சுவரையே தூக்கிக்கொண்டுபோய்ப் பூப்போல வைத்ததைப் பார்த்தேன். அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நீதான் காட்டினாய். அன்றைக்கு ஆரம்பித்த ஆசை இது. கல்யாணம் வேண்டாம் என்றபோதும் இருந்தது, அப்பா போனபோதும் இருந்தது. நான் வளர்க்காமலே வளர்ந்துவிட்டது.

லைசென்ஸ் தேர்வு வருஷத்துக்கு ஒரு முறைதான். நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால் உட்கார விடமாட்டார்கள். எனக்கு நாற்பத்து நான்கு முடியப்போகிறது. இந்த ஜூன் போனால் போனதுதான்.

ஒன்று மட்டும் சொல். நீயே கிரேனுக்குக் கீழே நின்று கையாட்டிச் சம்பாதிக்கிறவன். உன் அக்கா மேலே உட்கார்ந்தால் உனக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

அம்மா நன்றாக இருக்கிறாள். கடைக்கு நாளைக்கு நூறு சட்டை பொத்தான் தைக்கிறாள்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

இனிமேல் பணத்தை நேராக மரக்கடைக்காரருக்கே அனுப்புவேன். உன் பங்கு நாலாயிரத்தை நீயே போய்க் கொடு. ரசீதை எனக்கு அனுப்பு.

வயது நாற்பத்து நான்கு. கண்ணுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி. இருபத்தைந்து மாடி உயரத்தில் போய் உட்கார்ந்து யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறாய்? வாளி வேறு, கிரேன் வேறு. வாளி விழுந்தால் துணி நனையும்.

இதோடு நிறுத்து. கட்டிய பணம் போகட்டும். இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

சுண்டு


ஏப்ரல் 9

சுண்டு,

எழுத உனக்கு ஒன்றும் இல்லை என்றால் எனக்கு இருக்கிறது. உன் பங்குக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ரசீது. இணைத்திருக்கிறேன். பார்த்து மூச்சு விடு.

பணம் கொடுக்கப் போனபோது ஒரு கூத்து நடந்தது. மரக்கடைக்காரரின் பின்கட்டில் தடி மரங்களை இறக்க ஒரு சின்ன கிரேன் இருக்கிறது, தெரியுமா? உயரே தண்டவாளத்தில் ஓடுவது. அதை ஓட்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். மூன்று லாரி மரம் இறக்க ஆளில்லாமல் தெருவில் நிற்கிறது. மனுஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"நான் இறக்கித் தரட்டுமா?" என்றேன்.

"நீ கடன் கட்ட வந்தியா, காமெடி பண்ண வந்தியா?"

பயிற்சிப் பள்ளிக்கூடத்துச் சான்றைக் காட்டினேன். சின்ன கிரேனுக்கு அது போதும். நம்பிக்கையில்லாமல்தான் சாவியைக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் மூன்று லாரியும் காலி. ஒரு மரம்கூட உருளவில்லை. அவர் மர அடுக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து இறக்கிக் குடும்மா. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கடன்ல கழிச்சுக்கறேன். நீ வர்ற வரைக்கும் வட்டியும் போடலை." எழுதி வாங்கிவிட்டேன், கையெழுத்தோடு. வரும் ஞாயிறு முதல் ஆரம்பம்.

புரிகிறதா? பெரியப்பாவுக்கு இனி சாப்பாடே கிடையாது. அதற்கு மேல் வாரம் இரண்டு கிலோ தனியாக இளைப்பார். எந்தக் கிரேனுக்காக உன் எட்டாயிரத்தைத் திருடினேனோ அதே கிரேனை வைத்து அவரைத் தூக்கி வெளியே போடப் போகிறேன்.

இது நல்ல செய்தி. கெட்ட செய்தி என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் நான்தான் கடைசி மாணவி. மற்ற எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு. என்னை ஆன்ட்டி என்கிறார்கள். வாத்தியார் எல்லோரையும் ராஜா என்பார், என்னையும். "கொக்கியைப் பாரு ராஜா, வானத்தைப் பாக்காத ராஜா." தேர்வு இதுதான்: விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு டிரம். அதைத் தூக்கி, வளைந்து வளைந்து நட்டிருக்கும் ஆறு கம்பங்களுக்கு இடையில் கொண்டுபோய், சுண்ணாம்பு வட்டத்துக்குள் இறக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடம். கம்பத்தில் பட்டாலும், உள்ளே போட்ட கோட்டுக்குக் கீழே தண்ணீர் குறைந்தாலும் தோல்வி. நான் நேற்று டிரம்மை இறக்கியபோது அதில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மீதியெல்லாம் வாத்தியார் மேல் இருந்தது.

மரம் நேராக ஏறி நேராக இறங்குகிறது. இந்த டிரம் ஆடுகிறது, சுண்டு. ஆட ஆரம்பித்தால் நான் எதிர்ப்பக்கம் இழுக்கிறேன், அது இன்னும் ஆடுகிறது. கீழே நிற்பவன் காட்டுவதும் புரியாமல் போகிறது. கீழே நிற்பவன் என்ன நினைப்பான்? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் என்னோடு பேச மாட்டேன் என்கிறான்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வாத்தியார் மேல் தண்ணீர் கொட்டிய இடத்தை நான்கு தடவை.

ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். நவம்பரில் மழையால் வேலை இல்லை, அதனால் பணம் குறைவு என்று எழுதியிருந்தேன். மழை இல்லை. என் இடது கைச் சுண்டுவிரல் போய்விட்டது. சுண்டுக்கு இப்போது சுண்டுவிரல் இல்லை, சிரித்துக்கொள்.

கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நேராக்க என் பக்கத்தில் ஒரு வெல்டர் நின்றார். காற்று அடித்தது. நான் நிறுத்தச் சொன்னேன். மேலே இருந்தவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தார். கட்டு ஆடி வந்து தூணோடு என் கையை நசுக்கியது. வெல்டருக்கு இடுப்பில் அடி, இன்னும் படுக்கைதான். மேலே இருந்தவர் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மறுபடி அவர் ஏறவே இல்லை. நான் பார்த்ததில் அதுதான் கொடுமை, அக்கா. என் விரல் போனதைச் சொல்லவில்லை, அவர் அழுததைச் சொல்கிறேன். நீ கிரேன் என்றதும் எனக்கு அந்த முகத்தில் உன் முகம் தெரிந்தது. எட்டாயிரம் எட்டாயிரம் என்று கத்தினேனே, அது சும்மா. பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, பணம் என்று சொல்ல வெட்கமாக இல்லை.

நிறுத்து என்றால் நீ நிறுத்தப் போவதில்லை. உன் பன்னிரண்டு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அதனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

சுமை ஆடினால் எதிர்ப்பக்கம் இழுக்காதே. எல்லோரும் செய்யும் தப்பு அது. அது போகிற பக்கமே நீயும் கொஞ்சம் போ. போய் முடிந்து திரும்பப் பார்க்கும் அந்த நொடியில் கொக்கியைச் சரியாக அதன் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்து. செத்த மாதிரி தொங்கும். மரத்தில் பழகு, ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே லேசாக ஆட்டிவிட்டு நிறுத்திப் பார்.

கீழே நிற்பவன் என்ன நினைப்பான் என்று கேட்டாய். மேலே இருக்கிறவர் என்னைப் பார்க்கிறாரா என்று மட்டும்தான் நினைப்பான். வேறு எதுவும் இல்லை. கொக்கியை ஒரு கண்ணால் பார், அவனை ஒரு கண்ணால் பார். சந்தேகம் வந்தால் நிறுத்து. நிறுத்தி யாரும் செத்ததில்லை.

விரல் விஷயம் அம்மாவுக்கு வேண்டாம்.

சுண்டு


ஏப்ரல் 30

டேய் சுண்டு,

விரல் போய் ஆறு மாதம் கழித்துக் கடிதத்தில் சொல்கிறாய். நீ இங்கே இருந்திருந்தால் இரண்டு அறை வைத்திருப்பேன், அப்புறம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். வேலை நேரத்தில் படித்துத் தொலைத்தேன். இஸ்திரி மேடையில் ஆஸ்பத்திரித் தலையணை உறை ஒன்று கருகிப் போனது. அதற்கான அபராதம் உன் கணக்கில்.

அந்த வெல்டருக்கு இதோடு ஐந்நூறு அனுப்பியிருக்கிறேன். கொடுத்துவிடு. பெரியப்பா ஐந்நூறு கிராம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும், இன்னும் கொஞ்சம் மரம் இறக்கிச் சரிக்கட்டிவிடுவேன்.

நீ சொன்னபடி செய்தேன். போகிற பக்கமே போய், திரும்பப் பார்க்கும் நொடியில் தலைக்கு மேலே நின்றேன். செத்த மாதிரி தொங்கியது. நான் கேபினுக்குள் தனியாகக் கத்தினேன். மரக்கடைக்காரர் என்னவோ ஆகிவிட்டது என்று கீழே ஓடிவந்தார். நேற்று டிரம்மில் நான்கு விரல் தண்ணீர்தான் குறைந்தது. "பரவால்ல ராஜா, இன்னிக்கு நான் நனையல" என்றார் வாத்தியார்.

இப்போது முக்கியமான விஷயம். தேர்வு ஜூன் 18. கீழே நிற்கும் சிக்னல்காரரை அவரவரே கூட்டி வரலாம் என்று விதி இருக்கிறது. ஆள் இல்லாதவர்களுக்கு அவர்களே யாரையாவது நிறுத்துவார்கள். எனக்கு யாரோ ஒருவர் வேண்டாம். நீ வா. பயமாக இருந்தால் பயத்தோடு வா.

அக்கா


மே 12

அக்கா,

ஐந்நூறைக் கொடுத்துவிட்டேன். வெல்டர் உன்னை ஆசீர்வதித்தார், படுத்துக்கொண்டே.

லீவு கேட்டேன். எங்கள் ஃபோர்மேன் நல்லவர்தான், ஆனால் இந்த விஷயத்தில் கல். "ஜூன்ல கூரை போடணும். ஒருத்தனுக்கும் லீவு கிடையாது. ரத்த சொந்தத்துல சாவு விழுந்தா மட்டும் மூணு நாள்" என்றார். அக்காவுக்குத் தேர்வு என்றேன். "எந்த ஸ்கூல்ல படிக்குது பாப்பா?" என்றார். கிரேன் என்று சொல்லவில்லை. சொன்னால் நம்பியிருக்க மாட்டார். ஏற்கெனவே எங்களுடைய இரண்டாவது கிரேன் ஓட்ட ஆளில்லாமல் ஒரு மாதமாகச் சும்மா நிற்கிறது என்ற எரிச்சலில் இருக்கிறார்.

வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று யோசித்தேன். விட்டால் பெரியப்பா பிழைத்துக்கொள்வார். நீ அவர்கள் கொடுக்கும் ஆளை வைத்தே செய். நேருக்கு நேர் அவர் கண்ணைப் பார்.

எனக்கு அழுகையாக வருகிறது, அதை எழுதினால் என்ன என்று எழுதிவிட்டேன்.

சுண்டு


ஜூன் 13

(தபால்கார்டு)

சுண்டு, நேற்றுக் காலை பதினோரு மணிக்குப் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். கடைசி நிமிடம் வரை நான் பக்கத்திலேயே இருந்தேன். சிரமம் ஒன்றும் இல்லாமல் அமைதியாகப் போனார். எட்டு வருஷப் பாரம் இறங்கியது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னால் வர முடியாது என்று தெரியும். 18-ம் தேதி காலை பத்து மணிக்கு இருக்கிற இடத்திலிருந்தே என்னை நினைத்துக்கொள். – அக்கா


ஜூன் 21

அக்கா,

பஸ்ஸில் ஆரம்பித்து இப்போது எங்கள் வேலையிடத்துக் கொட்டகையில் முடிக்கிறேன். எழுத்து ஆடினால் அதற்கு நான் பொறுப்பல்ல, நீயே நிறுத்திக்கொள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அம்மாவும் வந்திருந்ததால், ஐந்து நிமிடம்கூடத் தனியாகப் பேச நேரம் இல்லாததால் நான் எப்படி வந்தேன் என்றே உனக்குச் சொல்லவில்லை. எல்லாம் உன் தபால்கார்டின் மகிமை. உறைக்குள் போட்டிருந்தால் நான் மட்டும் படித்திருப்பேன். கார்டு என்பதால் முதலில் கேட் கிளார்க் படித்தார். பிறகு டீக்கடைக்காரர். என் கைக்கு வரும்போது கொட்டகை முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. நான் படித்தேன். பெரியப்பா போய்ச் சேர்ந்தார் என்றதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஃபோர்மேனே தண்ணீர் கொண்டுவந்தார்.

"ரொம்ப நாளா படுக்கையா?" என்றார்.

"எட்டு வருஷம் சார்."

"நல்ல மனுஷனா?"

"ரொம்ப கனமான மனுஷன் சார்."

"யாரு பாத்துக்கிட்டது?"

"அக்காவும் நானும்தான் சார். அப்பா எங்ககிட்ட விட்டுட்டுப் போனது."

அவர் கண் கலங்கிவிட்டது. "மூணு நாள். உடனே கிளம்பு" என்றார். மாலை வாங்க என்று எல்லோரும் காசு போட்டு என் பையில் திணித்தார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அக்கா. ஆனால் வழியெல்லாம் அந்தக் காசு பைக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஃபோர்மேனிடம் காசைக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். காசை ஒரு முறை எண்ணிப் பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "எங்க வீட்லயும் ஒரு பெரியப்பா இருக்காருய்யா. நல்லா குண்டா இருக்காரு. உங்க அக்கா அவரை எப்படிக் கவனிச்சாங்கன்னு கொஞ்சம் வெவரமா சொல்லு." மூன்று நாள் சம்பளத்தைப் பிடிப்பாராம். மாலைக் காசில் எல்லோருக்கும் டீ. ஒவ்வொருவரும் கிளாஸைத் தூக்கித் தங்கள் வீட்டுப் பெரியப்பாவுக்குச் சீக்கிரம் நல்ல கதி கிடைக்கட்டும் என்று குடித்தார்கள்.

இப்போது தேர்வு. எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அதுதான்.

நீ ஏணியில் ஏறியபோது படிகளை எண்ணிக்கொண்டே நின்றேன். முதல் மூன்று கம்பம் வரை டிரம் தண்ணீரே இல்லாதது போல வந்தது. வாத்தியார் ராஜா என்றுகூடச் சொல்லவில்லை. நான்காவது கம்பத்துக்குப் பக்கத்தில் காற்று. மண் கிளம்பி வருவதைப் பார்த்தேன். அந்த நொடியில் நான் நவம்பரில் நின்றுகொண்டிருந்தேன். நிறுத்து என்று இரண்டு கையையும் தூக்கினேன். காற்று போன பிறகும் தூக்கியபடியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். கை இறங்கவே மாட்டேன் என்றது. நீ வட்டத்துக்குள் இறக்கியபோது தேர்வு அதிகாரியின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் தாண்டி நாற்பது விநாடி.

மற்றவர்கள் முறையிலும் அதே காற்று அடித்தது, யாரும் நிறுத்தவில்லை. எல்லோரும் நேரத்துக்குள் முடித்தார்கள். நான்தான் உன்னை நிறுத்தினேன். முப்பது வருஷ ஆசையை என் பயத்தால் கெடுத்துவிட்டேனா?

இன்னொன்றும் புரியவில்லை. நான் கையைத் தூக்குவதற்கு முன்பே டிரம் நின்றுவிட்டது. முன்பே! எப்படி?

முடிவு தபாலில் ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். போனில் சொல்லாதே. எழுது. தோல்வி என்றாலும் எழுது.

சுண்டு


ஜூன் 30

சுண்டு,

உன்னை ஒரு பக்கம் தவிக்கவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பாஸ்.

பாஸ் பாஸ் பாஸ். தபால்காரரிடமிருந்து உறையை வாங்கி நடுத்தெருவிலேயே கிழித்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்து தனக்குத்தான் பாஸ் போலக் குதித்தார். பதினெட்டு பேர் எழுதினோம், ஐந்து பேர்தான் தேறினோம். ஐந்தில் முதல் ஆள் யார் என்று நினைக்கிறாய்? இந்த ஆன்ட்டிதான்.

தேர்வு அதிகாரி கைப்பட எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: "காற்றில் சுமையை நிறுத்திய ஒரே தேர்வர். நின்ற நேரம் கணக்கில் சேராது. சிக்னல்காரருக்குப் பாராட்டு." காற்றில் நிறுத்தாமல் ஓட்டியவர்களுக்கு அதற்காகவே மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நேரத்தைக் கழித்தால் நாம் முடித்தது பதினொன்றே கால் நிமிடம். உன் பயம் எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அதன் நகலை இணைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டுபோய் வெல்டரிடம் காட்டு.

எப்படி முன்பே நிறுத்தினேன் என்று கேட்டாய். நீ மூக்கைச் சொறிந்தாய், அதனால் நிறுத்தினேன். நீ நிறுத்தச் சொல்லப் போகிறாய் என்று உன் கைக்குத் தெரியும் முன்பே உன் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆறு வயதிலிருந்து இப்படித்தான். அத்தனை வாளி கவிழ்த்தது வீண் போகவில்லை. அப்புறம் நீ இரண்டு கையையும் தூக்கினாய். மேலே இருந்து எண்ணினேன். ஒன்பது விரல். ஒன்பதும் ஆடாமல் நின்றது. அழுகை வந்தது, ஆனால் வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்து கொக்கியைப் பார்த்தேன்.

இனி அம்மா கதை. பாஸான கையோடு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கிழித்த கடன் பத்திரத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் மடியில் போட்டு, மெதுவாக, ரத்தக்கொதிப்பு ஏறாமல், பெரியப்பா பெரியப்பா என்று நாங்கள் பேசியது யாரைத் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏண்டி, உங்கப்பாதான் அந்த வீட்டுக்கு மூத்தவர். எனக்கும் அக்கா கிடையாது. உங்களுக்கு ஏதுடி பெரியப்பா? இல்லாத ஆளுக்கு மாசாமாசம் எடை பாத்துட்டு இருந்தீங்களே, எட்டு வருஷமா நான் ஒரு தடவையாவது யாருடி அவருன்னு கேட்டேனா?"

சித்தப்பா என்று வைத்திருந்தாலாவது இரண்டு பேர் இருக்கிறார்கள்! நம் இரண்டு பேர் புத்தியையும் சேர்த்தால்கூட அம்மாவின் ஊசி முனைக்குக் காணாது. அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாத்தான் நீங்க தைரியமா இருந்தீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள். பத்திரத்தை எடுத்து அப்பா பெயர் இருந்த இடத்தைத் தடவினாள். பிறகு, "அப்போ பெரியப்பாவைத் தலைமுழுகியாச்சு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எட்டு வருஷம் ஆகிறது. உன் விரலும் அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நீ அவளை ஒரு கையால்தான் கட்டிக்கொண்டாயாம். அடுத்த முறை இரண்டு கையாலும் கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

வேலையும் கிடைத்துவிட்டது. சலவைக்கூடத்தில் நேற்றோடு கணக்கு முடிந்தது. கருகிய தலையணை உறையை ஞாபகார்த்தமாக எனக்கே கொடுத்துவிட்டார்கள். சம்பளம் இதுவரை வாங்கியதைப் போல நாலு மடங்கு. முதல் சம்பளத்தில் உன் எட்டாயிரம் திரும்ப வரும், வாங்க மாட்டேன் என்று நாடகம் ஆடாதே.

எங்கே வேலை என்று கேட்பாய். போன வாரம் ஒரு ஃபோர்மேன் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாராம். "பெரியப்பாவைத் தூக்கிப் போட்ட அம்மா அங்கதானே படிக்கிறாங்க? இங்க ரெண்டாவது கிரேன் ஆளில்லாம சும்மா நிக்குது" என்றாராம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நிமிர்ந்து பார். மேலே நான் இருப்பேன். வணக்கம் போடு, கையாட்டு, என்ன வேண்டுமானாலும் செய். மூக்கை மட்டும் சொறியாதே, வேலை நின்றுவிடும்.

அக்கா